மேட்டில் நின்ற மதில்

எங்கள் மதிலைச் சுருட்டி ஒரு பைக்குள் வைத்துத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறலாம். வீதி தோண்டுகிறவர்கள் குழியைச் சுற்றிக் கட்டுவார்களே, அந்தச் செம்மஞ்சள் பிளாஸ்டிக் வலை. அதைத் தாங்கக் கொழுக்கி வைத்த இரும்புக் கம்பிகள், ஒரு மரச் சுத்தியல், ஒரு நீல நைலோன் கயிறு. மதில் என்றால் எங்களுக்கு அவ்வளவுதான். இரும்புக் கம்பிகளோடு ஏறுகிறவனைப் பற்றிச் சாரதி என்ன நினைப்பாரோ என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு யோசனை. மூன்று கோடைகாலத்தில் ஒரு சாரதிகூட என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. அதுவும் பிறகு ஒரு யோசனையாகிவிட்டது. நானே பஸ் டிப்போவில் பஸ் கழுவுகிறவன். இப்படி எத்தனை பேரைத் திரும்பிப் பாராமல் ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்று கவலைப்பட்டேன்.

லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு நிறுத்தம் தள்ளி ஒரு பூங்கா இருக்கிறது. அங்கேதான் என் மனைவியின் அணி விளையாடும். அவள் ஒரு மருத்துவமனையின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறாள். சலவை, சமையல், வார்ட் என்று எல்லாப் பகுதிப் பெண்களும் சேர்ந்து தொடங்கிய சொவ்ட்போல் அணி அது. சொவ்ட்போல் என்பது பேஸ்போலின் தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்து கொஞ்சம் பெரிது, மைதானம் கொஞ்சம் சிறிது. மற்றும்படி எல்லாம் ஒன்றுதான். எறிகிற பந்தை அடித்துவிட்டு நாலு மூலையையும் சுற்றி ஓடிவர வேண்டும். அடித்த பந்து நிலத்தில் படாமல் மதிலுக்கு மேலால் போய்விட்டால் ஓடத் தேவையில்லை, நடந்தே சுற்றி வரலாம். அதற்குப் பெயர்தான் ஹோம் ரன்.

அணியின் தலைவி ஜமைக்காவில் பிறந்த ஒரு தாதி. சிரித்தால் பூங்காவின் மற்றக் கரையில் நாய் குரைக்கும். அவதான் எனக்கு இந்த வேலையைத் தந்தவ. முதல் கோடையில் நான் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிளாஸ்டர், ஐஸ் பை, குடை, இரண்டு போத்தல் தண்ணீர், மனைவியின் மருந்துச் சீட்டுப் பிரதி எல்லாம் கொண்டுபோய்க் கரையில் நின்று, ஒவ்வொரு பந்துக்கும் “பாத்து, பாத்து” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஞாயிறு தலைவி வந்து சுத்தியலை என் கையில் வைத்து, “நீ இனி மதில் கட்டு, உன் வாயும் கையும் ஒன்றாக வேலை செய்யாது போலிருக்கிறது” என்று ஆங்கிலத்தில் சொன்னா. அன்றிலிருந்து அணிக்கு நான் ‘மிஸ்டர் வோல்’, திருவாளர் மதில்.

வேலை சுலபம். அடிக்கிறவர் நிற்கும் இடத்தில் ஒரு முளை இருக்கும். கயிற்றின் ஒரு நுனியை அதில் கட்ட வேண்டும். மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டு, கயிறு இறுகும்வரை நடக்க வேண்டும். இறுகிய இடத்தில் ஒரு கம்பி. அப்படியே வளைவாகப் போய் ஒவ்வொரு கம்பியாக அடித்து, வலையைக் கொழுக்கிகளில் மாட்டினால் மதில் தயார். எதிரணிகூட வந்து அளந்து பார்ப்பதில்லை. கயிறு சொன்னால் சொன்னதுதான்.

மைதானம் பார்வைக்குச் சமதரையாகத்தான் தெரியும். ஆனால் இடது பக்கம், மதிலுக்குச் சற்று முன்னால், குறுக்கே ஒரு நீண்ட மேடு கிடக்கிறது. முழங்கால் உயரம் வரும். புல் மூடியிருப்பதால் தூரத்திலிருந்து தெரியாது. ஏறி இறங்கினால் ஒரு சிறு பள்ளம். எங்கள் கயிறு எப்போதும் அந்தப் பள்ளத்தில்தான் போய் இறுகும். மூன்று கோடை ஒரே இடத்தில் அடித்து அடித்து, கம்பி இறங்குகிற துளைகளைச் சுற்றிப் புல்லே முளைக்கவில்லை. அந்தப் பள்ளத்தில் மதிலுக்குப் பின்னால் ஒரு மடக்குக் கதிரை போட்டு நான் உட்காருவேன். மதிலுக்கு மேலால் மைதானம் முழுக்கத் தெரியும். வெளியே வருகிற பந்தை எடுத்துக் கொடுப்பதும் என் வேலை.

என் மனைவி அடித்த பந்து ஒன்றுகூட வெளியே வந்ததில்லை. பலம் இல்லாமல் அல்ல. பள்ளிக்கூடத்தில் அவள் எல்லே விளையாடியவள், மூங்கில் தடியால் டென்னிஸ் பந்தை அடிக்கிற விளையாட்டு. உயர அடித்தால் பிடித்துவிடுவார்கள் என்று பதித்து அடித்தே பழகிய கை. இங்கேயும் பந்து இடுப்பு உயரத்தில் சீறிக்கொண்டு போகும். எதிரணிப் பெண்கள் விலகிக்கொள்வார்கள். ஆனால் மதில் வரை போய் மதிலில் பட்டு விழும், அல்லது அதற்கு முன்னமே நிலத்தில் குத்தும்.

மதில் பற்றி எனக்கு விளங்கப்படுத்தியவர் எங்கள் நடுவர். தமிழ்நாட்டுக்காரர், கணினி வேலை. அவருடைய மனைவி அதே மருத்துவமனையில் டொக்டர். நடுவர் சில வருடங்கள் அமெரிக்காவில் வேலை செய்து, பேஸ்போல் பைத்தியம் பிடித்து இங்கே வந்தவர். ஒரு கோடையில் அமெரிக்க அணிகள் இரண்டு கிழக்கு லண்டனுக்கு வந்து விளையாடியபோது எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனார். அது ஓட்டப் போட்டிக்குக் கட்டிய மைதானம். அதற்குள் பேஸ்போல் மைதானத்தை எப்படியோ மடித்து வைத்திருந்தார்கள்.

“அண்ணா, அந்த நடு மதிலைப் பாருங்க. மத்த பக்கத்தை விட ஒசரமா இருக்குல்ல?” என்றார்.

“ஓம். ஏன் தம்பி?”

“இடம் பத்தல. ரொம்பப் பக்கத்துல வெச்சுட்டாங்க. அப்ப சும்மா தூக்கி விட்டாலே வெளிய போயிடும். அதான் ஒசரத்தைக் கூட்டிச் சரிக்கட்டுறாங்க.”

பிறகு தொலைபேசியை எடுத்து, அமெரிக்காவில் ஒரு ஊரின் மைதானத்தைக் காட்டினார். இடது பக்க மதில் மூன்று மாடி உயரம், ஆனால் கிட்டத்தில் நிற்கிறது. “மத்த ஊர்ல சோம்பேறியா மேல போய் கேட்ச் ஆகுற பந்து, இங்க மதிலைத் தாண்டி விழுந்துடும். மத்த ஊர்ல சீறிக்கிட்டு வெளிய போற பந்து, இங்க மதில்ல பட்டுக் கீழ விழுந்துடும். அடிச்ச ஆளு ஒண்ணுதான், அடியும் ஒண்ணுதான்.”

என் மனைவி சோளப்பொரியை வாயருகில் கொண்டுபோனவள் நிறுத்தினாள். “அப்ப ஹோம் ரன் அடிக்கிறது ஆள் இல்லை, மதில் எண்டு சொல்லுறீங்கள்.”

“பாதி அப்படித்தான் அக்கா.”

“மற்றப் பாதியை நான் பாத்துக்கொள்ளுறன்” என்றாள்.

மூன்றாவது கோடையில் அவளுடைய வலது தோள் பழுதாகியது. வருடக்கணக்காக ஈரப் படுக்கை விரிப்புகளைத் தூக்கிய தோள். உள்ளே ஒரு நார் கிழிந்திருக்கிறது, தைக்க வேண்டும் என்றார் தோளைப் பார்த்த டொக்டர். செப்டெம்பரில் ஒப்பரேசன். அதன் பிறகு கையைத் தலைக்கு மேலே வீசுகிற வேலை வேண்டாம், மட்டை பிடிக்கவும் வேண்டாம் என்றார். அதுவரை வலி தாங்கினால் விளையாடலாமா என்று இவள் கேட்டாள். மெதுவாக என்றார் அவர். மெதுவாக என்கிற சொல்லை இவள் வெளியே வரும்போது அந்த அறையிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

ஒப்பரேசன் பற்றிய துண்டுப் பிரசுரம் ஒன்று தந்தார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவன் நான். இடம்பெயர்ந்து போன ஊரில் பள்ளிக்கூடம் இருக்கவில்லை. பள்ளிக்கூடம் இருந்த ஊருக்கு வந்து சேர்ந்தபோது, என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கமாக இருந்தது. அந்தப் பிரசுரத்தில் எனக்கு விளங்கிய சொற்கள் குறைவு. விளங்கியவை எல்லாம் கெட்ட சொற்கள். இரத்தம், கட்டி, மயக்க மருந்து. டிப்போவில் தேநீர் நேரத்தில் எடுத்து எடுத்து வாசித்து, மடிப்பில் கிழிந்துபோயிற்று.

கடைசி ஆட்டத்துக்கு முதல் வெள்ளிக்கிழமை அவள் இடது கையால் வெங்காயம் உரித்துக்கொண்டு சொன்னாள்: “ஒப்பரேசனுக்கு முதல் ஒண்டே ஒண்டு மதிலுக்கு அங்கால விழுந்தால் காணும்.”

“விழும். விழாட்டிலும் என்ன?” என்றேன்.

“ஒண்டுமில்லை. ஒரு நாளாவது ஓடாமல் நடந்து வரவேணும் எண்டு ஒரு ஆசை. எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்க.”

பிறகு வெங்காயத்தை அரியத் தொடங்கினாள். அவளுக்குப் பேச்சு அத்தோடு முடிந்தது. எனக்குத் தொடங்கியது.

ஞாயிறு காலை மைதானத்தில் நான் மட்டும்தான். முளையில் கயிற்றைக் கட்டினேன். மற்ற நுனியை எடுத்து, உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் இடையில் நாலு சுற்றுச் சுற்றினேன். உடுப்புக் காயவிடுகிற கயிற்றைச் சுருட்டுவது போல. நாலு சுற்று என்றால் மதில் ஏறத்தாழ நாலு எட்டு நடை கிட்ட வரும். அவ்வளவுதான் என்று என்னையே தேற்றினேன். இரண்டு அணிக்கும் ஒரே மதில்தானே. களவு என்றால் ஒருவரிடமிருந்து எடுக்க வேண்டும், நான் யாரிடமிருந்து எடுத்தேன் என்று கேட்டுக்கொண்டு நடந்தேன். வலது பக்கம் வழமை போல விட்டு, அவள் பந்து போகிற இடது பக்கம் மட்டும் சுற்றோடு போனேன். கயிறு இறுகியது. கம்பியை அடித்தேன். அடிக்கும்போது யாராவது வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேனே தவிர, என் கால் எங்கே நிற்கிறது என்று பார்க்கவில்லை. கதிரையை வழமையான இடத்தில், பள்ளத்தில் போட்டேன்.

ஆட்டம் தொடங்கியதும் கதிரையில் உட்கார்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை. கண்ணுக்கு முன்னால் செம்மஞ்சள் வலைதான். என் மனம்தான் இன்றைக்கு இருக்கையில் நிற்கவில்லை என்று நினைத்து எழுந்து நின்றே பார்த்தேன். செய்த பிழை உட்கார விடாது என்பார்கள், அப்படித்தான் ஆக்கும் என்று விட்டுவிட்டேன். வேறு காரணம் இருக்கலாம் என்று தோன்றவேயில்லை.

எங்கள் அணி பிடிக்கிற முறை வரும்போது என் மனைவி இடது பக்கக் கடைசியில், மதிலுக்கு முன்னால் நிற்பாள். அன்றும் வேகமாக எறிய முடியாத தோளோடு நின்றாள். எதிரணியின் ஒரு மெலிந்த பெண், மட்டையின் நுனியில் பட்டதோ என்னவோ, ஒரு பந்தை மேலே தூக்கி விட்டாள். உயரம்தான், வேகமே இல்லை. மற்ற நாளென்றால் என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பாள். பந்தைப் பார்த்தபடி பின்னால் வந்தாள், வந்தாள், முதுகு வலையில் மோதி வலை என் பக்கம் புடைத்தது. பந்து அவள் தலைக்கு மேலால் வந்து, என் சப்பாத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. ஹோம் ரன்.

அந்த மெலிந்த பெண்ணுக்கே நம்ப முடியவில்லை. கையால் வாயை மூடிக்கொண்டு சுற்றி நடந்தாள்.

“தோளில பட்டதோ? நோகுதோ? இரும், ஐஸ் தாறன்” என்றேன் வலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து.

அவள் திரும்பி, வலைக் கண்களுக்குள்ளால் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கீழே தன் காலைப் பார்த்தாள். “பந்தைத் தாங்கோ” என்றாள். கொடுத்தேன்.

கடைசிக்கு முதல் சுற்றில் அவள் அடிக்க வந்தாள். இரண்டு பந்துகளை விட்டாள். மூன்றாவதை அடித்த சத்தம் எனக்கு முதலில் கேட்டதா, பந்து முதலில் தெரிந்ததா என்று இன்றுவரை சொல்ல முடியாது. நேரே என்னை நோக்கி வந்தது. மற்ற நாளைப்போல இடுப்பு உயரம் இல்லை, ஆள் உயரத்துக்கும் மேலே, ஆனால் அதே சீற்றம். இது வெளியே வருகிறது, வந்துவிட்டது என்று நான் இரண்டு கையையும் நீட்டினேன். பந்து வரவரத் தாழ்ந்து, வலையின் மேல் விளிம்புக்கு நாலு விரல் கீழே அடித்தது. பிளாஸ்டிக் இழை இரண்டு அறுந்து தெறித்தன. பந்து வெளியே வராமல், அவர்கள் பக்கமாகக் கீழே விழுந்து மேட்டின் சரிவில் உருண்டு போயிற்று.

உருண்டு போயிற்று. அப்போதுதான் குனிந்து பார்த்தேன். மதில் மேட்டின் உச்சியில் நிற்கிறது. நான் பள்ளத்தில் நிற்கிறேன். நாலு எட்டு கிட்டக் கொண்டுவந்த மதிலை ஒரு முழங்கால் உயரம் தூக்கியும் வைத்திருக்கிறேன். தம்பி காட்டிய அமெரிக்க மதிலைப்போல. கிட்டத்தில், உயரமாக. சோம்பேறிப் பந்தை வெளியே விட்டு, சீறி வந்ததை மறித்துவிட்டது.

அவள் இரண்டாவது மூலையில் நின்றாள். இடுப்பில் கை வைத்து மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கள் பெண்கள் கைதட்டினார்கள். தலைவி கரையிலிருந்து, “நாலு விரல், தங்கமே, நாலே நாலு விரல்” என்று கூவினா.

ஆட்டத்தில் தோற்றோம். அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. ரோல்ஸும் கட்லட்டும் கொண்டுபோயிருந்தோம், அதைச் சாப்பிட்டார்கள். மற்றவர்கள் சாப்பிடும்போது நான் ஓடிப்போய் மதிலைப் பிடுங்கிச் சுருட்டினேன். மேட்டில் கம்பி போன துளைகளைச் சப்பாத்தால் மிதித்து மூடினேன். நடுவர் தம்பி ஒரு கட்லட்டோடு வந்து, “என்னண்ணா இன்னிக்கு இவ்வளவு அவசரம்?” என்று கேட்டார். பஸ் என்றேன். பஸ் எட்டு நிமிடத்துக்கு ஒன்று வரும்.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தாள். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சொல்லிவிடலாம் என்று நினைத்த ஒவ்வொரு தடவையும் யாரோ மணியை அமத்தினார்கள்.

அடுத்த நாள் எனக்கு விடுமுறை. மத்தியானம் சாப்பிட்ட பிறகு, “சீனி முடிஞ்சுது, வாங்கிக்கொண்டு வாறன்” என்று சொல்லிவிட்டுப் பையையும் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். சீனி வாங்கப் போகிறவனுக்கு இரும்புக் கம்பி எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அதையும் நான் கவனிக்கவில்லை.

எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. மதில் பழைய இடத்தில் நின்றிருந்தால் அந்தப் பந்து போயிருக்குமா? மிதித்து மூடிய துளையைத் தேடி ஒரு கம்பியை மேட்டில் நட்டேன். பழைய துளையில் இன்னொரு கம்பியைப் பள்ளத்தில் நட்டேன். மேட்டுக் கம்பியில், பந்து பட்ட உயரத்தில் கயிற்றைக் கட்டி, பள்ளத்துக் கம்பி வரை நேராக இழுத்துப் பார்த்தேன். கம்பியின் நுனிக்கு மேலே ஒரு முழம் இடைவெளி இருந்தது. தாராளமாகப் போயிருக்கும்.

பிறகு யோசித்தேன். பந்து கயிற்றைப்போல நேரே போகாது. விழுந்துகொண்டே போகும். அந்த நாலு எட்டுக்குள் எவ்வளவு விழுந்திருக்கும்? ஒரு முழமா, குறைவா? எட்டாம் வகுப்பு வரை அதைச் சொல்லித் தரவில்லை. ஒன்பதாம் வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்களோ தெரியாது. கயிற்றைக் கொஞ்சம் தாழ்த்திக் கட்டினேன். போயிருக்கும். இன்னும் தாழ்த்தினேன். மட்டுமட்டு. இன்னும் தாழ்த்தினால் போயிருக்காது. எங்கே நிறுத்துவது என்று சொல்ல யாருமில்லை.

“சீனிக் கடை இஞ்ச மாறிட்டுதோ?”

கையில் தேநீர்ப் போத்தலோடு அவள் பின்னால் நின்றாள். வலது கையை மற்றக் கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். அந்தக் கோலத்தில் பஸ்ஸில் வந்திருக்கிறாள், யாராவது இடித்திருந்தால் என்று முதலில் அதைத்தான் நினைத்தேன்.

“நான் ஒரு பிழை விட்டிட்டன்” என்றேன்.

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“மதிலைக் கிட்டக் கொண்டுவந்தனீங்கள்.”

“ஆர் சொன்னது?”

“என்ர கால் சொன்னது. அந்தப் பெட்டை தூக்கி விட்ட பந்துக்குப் பின்னுக்குப் போனனல்லோ? மேட்டில ஏறினன். இறங்க முதல் வலை முதுகில படுது. மூண்டு வருசமா ஏறி இறங்கித்தான் நான் மதிலுக்குப் போறனான்.”

“பிறகேன் ஒண்டும் சொல்லேல்லை?”

“ஆருக்குச் சொல்லுறது? என்ர மனிசன் களவா மதிலை இழுத்துப்போட்டார், எல்லாரும் வந்து பாருங்கோ எண்டோ?”

அவள் மேட்டில் உட்கார்ந்து, போத்தலின் மூடியை ஒரு கையால் திறக்க முடியாமல் நீட்டினாள். திறந்து ஊற்றிக் கொடுத்தேன்.

“கோவமோ?”

“ஓம். கோவம்தான். உவளுக்கு ஏலாது எண்டு நினைச்சிட்டீங்கள் எண்டு.”

“அப்பிடி நினைக்கேல்லை.”

“பிறகெப்பிடி நினைச்சனீங்கள்?”

வெங்காயம் அரிந்துகொண்டு அவள் சொன்ன அந்த ஒரு வரியை நான் இரண்டு நாள் சுமந்துகொண்டு திரிந்தேன் என்று எப்படிச் சொல்வது? ஒப்பரேசன் பிரசுரத்தில் இருந்த எந்தச் சொல்லையும் என்னால் தள்ளி வைக்க முடியவில்லை, மதிலைத்தான் தள்ள முடிந்தது என்று எப்படிச் சொல்வது? பதிலுக்கு மேட்டையும் பள்ளத்தையும் காட்டினேன். முழங்கையில் கயிறு சுற்றிய விதத்தையும் இரண்டு கம்பியையும் காட்டினேன்.

“இஞ்ச பாரும். பழைய இடத்தில வைச்சிருந்தால் மதில் இவ்வளவு பதிவாத்தான் நிண்டிருக்கும். உம்மட பந்து போயிருக்கும். நான்தான் மறிச்சனான்.” கயிற்றைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தேன். “போயிருக்கும் எண்டுதான் நினைக்கிறன். வடிவாச் சொல்லத் தெரியேல்லை.”

அவள் இரண்டு கம்பியையும் பார்த்தாள். தேநீரை ஒரு மிடறு குடித்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். தோள் குலுங்கி வலித்திருக்க வேண்டும். வலது கையை அமர்த்திப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“என்ன?”

“இஞ்சருங்கோ. நான் அந்தப் பந்தை அவ்வளவு பலமா எப்பிடி அடிச்சனான் எண்டு நினைக்கிறீங்கள்?”

“எப்பிடி?”

“கோவத்தில. மட்டையைப் பிடிச்சுக்கொண்டு உங்கட முகத்தைத்தான் நினைச்சனான். தோள் நோ கூடத் தெரியேல்லை. அப்பிடி ஒரு அடி மூண்டு வருசத்தில எனக்கு வந்ததில்லை. நீங்கள் மதிலைப் பழைய இடத்தில வைச்சிருந்தால் எனக்குக் கோவம் வந்திராது. கோவம் வந்திராட்டில் பந்து உந்த மேட்டடிக்கே வந்திராது.”

இதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. கயிற்றால் அளக்கக்கூடியதும் அல்ல.

“அப்ப நான் செய்தது சரியோ?” என்று கேட்டுவிட்டேன்.

“பிழை” என்றாள் உடனே. “முழுப் பிழை. அதில ஒரு மாற்றமும் இல்லை. தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறுது.”

குடித்தேன். சீனி இல்லை. உண்மையாகவே முடிந்திருந்தது.

அவள் பையிலிருந்து வலையின் நுனியை இழுத்து, பந்து பட்ட இடத்தைத் தேடி எடுத்தாள். இரண்டு இழை அறுந்து நாலு கண் ஒன்றாகியிருந்தது. இடது கையின் மூன்று விரல்களை அதற்குள்ளால் விட்டு, மற்றப் பக்கம் ஆட்டிப் பார்த்தாள். நான் கட்டுக் கம்பி கொண்டுவந்து தைத்துவிடுகிறேன் என்றேன்.

“தொடாதேங்கோ” என்றாள்.

ஒப்பரேசன் நல்லபடி நடந்தது. அதைப் பற்றி நான் பட்ட பாட்டை எழுதினால் இதைவிட நீளும். மருத்துவமனை வாங்கில் காத்திருந்த நேரம் முழுவதும் என் சட்டைப் பைக்குள் அந்தக் கிழிந்த பிரசுரம் இருந்தது, ஒரு தடவையும் எடுக்கவில்லை. குளிர்காலம் முழுக்க அவளுக்கு நான் தலை இழுத்து விட்டேன். பின்னல் கோணலாக வரும். கண்ணாடியில் பார்த்து, “மதில் கட்டுற கை, வேற என்ன வரும்” என்பாள்.

ஏப்ரலில் ஆட்டங்கள் மறுபடி தொடங்கின. இனி அவள் மட்டை பிடிக்க மாட்டாள். மூன்றாவது மூலைக்கு வெளியே நின்று ஓடி வருகிறவர்களுக்கு, ஓடு, நில் என்று சொல்கிற வேலையைத் தலைவி அவளுக்குக் கொடுத்தா. முதல் ஞாயிறு நான் வலையை விரிக்கும்போது தலைவி ஓட்டையைக் கண்டா. “மிஸ்டர் வோல், இது கிழிஞ்சு போச்சு. புதுசு ஒன்று வாங்குவோம்” என்று சொன்னா. அங்காலிருந்து என் மனைவி ஆங்கிலத்தில், அது என்னுடையது, இருக்கட்டும் என்றாள். தலைவி ஓட்டையைப் பார்த்தா, அவளைப் பார்த்தா, பிறகு சிரித்தா. நாய் குரைத்தது.

அன்று கயிற்றின் ஒரு நுனியை முளையில் கட்ட அவள் விடவில்லை. தன் இடது கையால் பிடித்துக்கொண்டு, அடிக்கிறவர் நிற்கும் இடத்தில் நின்றாள். நான் மற்ற நுனியோடு நடந்தேன். மேட்டில் ஏறினேன். இறங்கினேன். பள்ளத்தில் கயிறு இறுகியது. பழைய துளை காலடியில் இருந்தது. சுத்தியலை எடுக்கக் குனிந்தபோது தூரத்திலிருந்து அவளுடைய குரல் வந்தது.

“முழங்கையைக் காட்டுங்கோ.”

சட்டைக் கையை மடித்துவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன்.

“மற்றப் பக்கமும்” என்றாள்.

திருப்பிக் காட்டினேன்.